ரைஃபிள் குழலுக்கு வீட்டுச் சுத்தப் பொருள்கள்: எது கரைக்கும், எது அரிக்கும்?

கேள்வி இதுதான்: ரைஃபிள் குழலைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் சால்வென்டை வாங்காமல், கண்ணாடி துடைக்கும் திரவம், பாத்திர சோப்பு, வினிகர், பாத்ரூம் ஃபோம், மண்ணெண்ணெய் என்று வீட்டில் இருப்பதை வைத்தே ஒப்பேற்ற முடியுமா? ஒரு சாரார் 'தாராளமாக' என்கிறார்கள், இன்னொரு சாரார் 'குழல் போச்சு' என்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் குழலில் இருந்த அழுக்கு வேறு, ஊற்றியது வேறு, ஊற்றிய பிறகு செய்ததும் வேறு.

குழலுக்குள் படிவதை மொத்தமாக 'அழுக்கு' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நான்கு விதம். வெடிமருந்து எரிந்த கரி. குண்டின் மேலுறையிலிருந்து தேய்ந்து ஒட்டும் செம்பு. மேலுறை இல்லாத ஈயக் குண்டு என்றால் ஈயம். பழைய ராணுவத் தோட்டாக்களில் பிரைமர் (தோட்டாவின் அடியில் அடிபட்டுப் பொறி தரும் பகுதி) விட்டுப்போகும் உப்பு. இந்த நான்கையும் ஒரே திரவம் கரைக்காது. செம்பைக் கரைப்பது கரியைத் தொடாது. கரியை இளக்கும் எண்ணெய் உப்பைக் கரைக்கவே கரைக்காது. ஆகவே 'எதை ஊற்றலாம்' என்பதற்கு முன்னால் 'உள்ளே என்ன இருக்கிறது' என்று பாருங்கள். குழல் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் மேட்டு வரிகளின் மேல் செந்நிறக் கோடு தெரிந்தால் செம்பு. சேம்பரை (தோட்டா அமரும் அறை) ஒட்டி, ரைஃப்ளிங் (குண்டைச் சுழற்றும் சுருள் வரிகள்) தொடங்கும் இடத்தில் கறுத்து வளையமாக இறுகியிருந்தால் கரி. உலர்ந்த துணியில் வெள்ளித் தகடு போல மினுக்கும் சிறு செதில்கள் வந்தால் ஈயம். உப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் துருவாகத்தான் தெரியும்.

வேலையைத் தொடங்கும் முன் மேகசினைக் கழற்றி, போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) வெளியே எடுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த பாதுகாப்புக் காரணம் தவிர இன்னொன்றும் உண்டு: அம்மோனியா ஆவி பித்தளைக்கு ஆகாது. பிரிட்டிஷ் இந்தியாவின் குதிரைப்படை முகாம்களில் அடுக்கி வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் தாமாகவே கீறல் விட்டன. லாயத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் விளங்கியது. உலோகவியலில் அதற்கு 'சீசன் கிராக்கிங்' என்று பெயர்.

முதலில் உப்பு. வீட்டுப் பொருள் கடைப் பொருளை உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் இது ஒன்றுதான்.

பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலெங்கும் படியும். சாப்பாட்டு உப்புக்கு நெருங்கிய உறவு. இரும்பிடம் நடந்துகொள்வதும் அதே மாதிரிதான். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தொட்டால் தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும், அந்த உப்பு நீரில் இரும்பு அரிக்கும். அமெரிக்கச் சுரங்கத்துறையில் வில்பர்ட் ஹஃப் என்பவர் 1922-இல் இதை ஆராய்ந்து, சுட்ட பிறகு குழல் துருப்பிடிக்க இந்தக் குளோரைடுதான் காரணம் என்று காட்டினார். அதற்கு முன்பு நைட்ரோ மருந்தின் (புகையில்லா வெடிமருந்து) எச்சம் என்று எதை எதையோ குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலும் துரு நடக்கும் என்பதுதான் அதில் முக்கியமான செய்தி. எண்ணெயில் உப்பு கரையாது. உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பை மூடி வைக்கிறோம், அவ்வளவே.

நீரில் அப்படியில்லை. 20 டிகிரி வெப்பத்தில் 100 மில்லி தண்ணீர் 34 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்துக்கொள்ளும். கொதிநீர் 56 கிராம். குழலில் இருப்பதோ மில்லிகிராம் கணக்கு. 7.62 மில்லிமீட்டர் துளையும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழலின் உள்ளளவு மொத்தமே 27 மில்லிதான், சேம்பரையும் சேர்த்தால் 30-ஐச் சற்றுத் தாண்டும். ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றினால் குழலை முப்பது தடவை நிரப்பிக் காலி செய்த கணக்கு. பிரிட்டிஷ் படைகள் லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்கென்றே தனிப் புனல் வைத்திருந்தது இதற்காகத்தான்: சேம்பரில் புனலைச் செருகிக் கொதிநீரை ஊற்றுவார்கள், பிறகு புல்த்ரூ கயிற்றில் துணி கோத்து இழுத்து உலர்த்தி எண்ணெய் போடுவார்கள்.

இப்போது கண்ணாடி துடைக்கும் திரவம். 'அம்மோனியா பிரைமர் உப்பை முறித்துவிடும்' என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு நடுநிலை உப்பு. அதில் முறிக்க ஒன்றுமே இல்லை. கண்ணாடித் திரவம் வேலை செய்கிறது என்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால். கூட இருக்கும் சிறிது சோப்பு ஈரத்தைப் பரப்புகிறது, சிறிது ஆல்கஹால் சீக்கிரம் உலர வைக்கிறது. களத்தில் அடுப்பு மூட்டி வெந்நீர் வைக்க வழியில்லாதபோது ஸ்ப்ரே பாட்டிலில் கையோடு கொண்டுபோக வசதி; அந்த வகையில் நல்ல பொருள்தான். ஆனால் அதைத் தெளித்துவிட்டு 'அம்மோனியா பார்த்துக்கொள்ளும்' என்று அப்படியே பையில் போட்டால், உப்பு இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது, இப்போது ஈரத்தோடு. கரைந்ததை வெளியே கொண்டுவந்தால்தான் கணக்கு.

செய்முறை: சுட்ட அன்றே, தள்ளிப்போடாமல். குழல் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். சேம்பர் பக்கமிருந்து புனலும் சிறு ரப்பர் குழாயும் வைத்து, கொதிக்கக் கொதிக்க ஒரு லிட்டர் நீரை நிதானமாக ஊற்றுங்கள். மரக்கட்டைக்குள் நீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவதே நல்லது. நீர் ஏன் அவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்றால், கரைக்க அல்ல, உலர்த்த. எஃகு கையில் பிடிக்க முடியாத அளவு சூடேறிவிட்டால் மிச்ச ஈரம் சில நிமிடத்தில் தானே ஆவியாகும். வெதுவெதுப்பான நீரில் அலசி அப்படியே வைத்தால் அரை மணியில் துணியில் மெல்லிய ஆரஞ்சு நிறம் வரும். அது புதுத்துரு, உடனே எண்ணெய்த் துணியால் துடைத்தால் போய்விடும், விட்டால் வேர்விடும். ஊற்றி முடித்ததும் மூன்று நான்கு உலர் துணி, பிறகு எண்ணெய். போல்ட்டின் முகப்பு, ஃபயரிங் பின் வரும் துளை, எக்ஸ்டிராக்டரின் (வெற்றுத் தோட்டாவை இழுக்கும் கொக்கி) அடி இவற்றை மறந்துவிடுவது சகஜம். வாயுவால் இயங்கும் துப்பாக்கி என்றால் பிஸ்டன், கேஸ் சிலிண்டர், குழலிலுள்ள வாயுத்துளை எல்லாவற்றுக்கும் இதே குளியல் வேண்டும். குழல் பளபளவென்றிருக்க பிஸ்டன் துருவில் இறுகிப்போன துப்பாக்கிகள் ஏராளம்.

தோட்டா உப்பு வகையா இல்லையா என்று தெரியாவிட்டால் உப்பு வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க .30-06, சோவியத் காலத்து 7.62×54 ஆர் இவை பெரும்பாலும் அந்த வகை. அதே போர்க்காலத்து அமெரிக்க எம்1 கார்பைன் தோட்டா மட்டும் விதிவிலக்கு. அது தொடக்கத்திலிருந்தே உப்பில்லாத பிரைமரோடு வந்தது. இன்று புதிதாக வாங்கும் வணிகத் தோட்டாக்களில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

கருமருந்துத் துப்பாக்கிக்கும் நீர்தான் மருந்து. கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாக நிற்கும்: பொட்டாசியம் கார்பனேட், சல்பேட் முதலானவை. பெரும்பாலும் நீரில் கரைபவை. இரண்டு மூன்று சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த ஒரு லிட்டர் வெந்நீர் போதும். இந்தக் கழிவின் மேல் பெட்ரோலிய எண்ணெயை ஊற்றினால் தார் மாதிரி இறுகிப்போகும். ஆகவே நீர் முதலில், எண்ணெய் கடைசியில். எண்ணெய் சோப்பு, தேய்ப்பு ஆல்கஹால், 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றையும் சம அளவில் கலக்கும் ஒரு பழக்கமும் உண்டு. நுரைத்து வேலை செய்வது உண்மைதான். ஆனால் பெராக்சைடு இரும்பை ஆக்சிஜனேற்றும், மூடி இறுக்கிய பாட்டிலில் வாயு சேர்ந்து பாட்டிலையும் உப்ப வைக்கும். சோப்பு நீரே செய்யும் வேலைக்கு இந்தச் சுற்று எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து செம்பு. இங்கேதான் அம்மோனியாவுக்கு உண்மையான வேலை.

குண்டின் மேலுறை சாதாரணமாக 95 விழுக்காடு செம்பும் 5 விழுக்காடு துத்தநாகமும் சேர்ந்த கலவை. .30 காலிபர் குழலில் வரிப்பள்ளத்தின் ஆழம் 0.1 மில்லிமீட்டர், அதாவது எழுதும் தாளின் தடிமன். அந்த ஆழத்தில் செம்பு ஏற ஏறக் குறி தளரும். அம்மோனியா, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து செம்பைக் கரைத்து ஆழ்ந்த நீலக் கரைசலாக்கும். துணியில் வரும் அந்த நீலம்தான் அளவுகோல். ஆக்சிஜன் வேண்டும் என்பதைக் கவனியுங்கள்: குழலை அடைத்து அம்மோனியாவை நிரப்பி ஊற வைப்பதைவிட, நனைத்த துணியால் மெல்லிய படலமாகப் பூசிக் காற்று படும்படி விடுவது வேகமாகக் கரைக்கும். நிரப்பி வைத்தால் இன்னொரு ஆபத்து, திரவ மட்டம் முடியும் இடத்தில் எஃகில் வளையமாகக் கறை விழலாம்.

கண்ணாடித் திரவத்தால் செம்பு போகுமா? போகாது. அம்மோனியா உள்ள வகையிலேயே அது பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் கீழே. பலவற்றில் இப்போது அம்மோனியாவே கிடையாது. சுத்தம் செய்வதற்கென்று விற்கும் வீட்டு அம்மோனியா 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். அது வேலை செய்யும். வாசனையும் சோப்பும் சேர்க்காத தெளிந்த வகையாகப் பாருங்கள். பாத்ரூம் ஃபோம் விஷயத்தில் லேபிள் ஆளை ஏமாற்றும்: 'அம்மோனியம் குளோரைடு' என்று முடியும் நீளமான பெயரைப் பார்த்து அம்மோனியா என்று நினைத்துவிடுகிறார்கள். அது கிருமிநாசினி உப்பு. செம்பைத் தொடாது, குளோரைடை மட்டும் குழலுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போகும்.

வீட்டு அம்மோனியாவால் செம்பெடுப்பது இப்படி. முதலில் கரியை எடுத்துவிடுங்கள். கரியும் செம்பும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும், மேலே கரி மூடியிருந்தால் அம்மோனியா செம்பைப் பார்க்கவே பார்க்காது. எண்ணெய்ப் பசை போகத் துடைத்த பிறகு, அம்மோனியாவைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் 10 மில்லி அளவு ஊற்றிக்கொள்ளுங்கள். பாட்டிலுக்குள் பிரஷை நேரே விடாதீர்கள், பாட்டில் முழுவதும் கெட்டுப்போகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையில் நைட்ரைல் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. நனைத்த துணியைச் சேம்பர் பக்கமிருந்து ஒரு முறை தள்ளுங்கள், பிறகு நைலான் பிரஷை நனைத்துப் பத்துத் தடவை. ஐந்து நிமிடம் விட்டு உலர் துணி தள்ளிப் பாருங்கள். நீலம் வருகிறதா? மறுபடியும். குழலுக்குள் உலர விடாதீர்கள்; ஒரு தவணைக்கு மொத்தம் 15 நிமிடம் தாண்ட வேண்டாம். முடிந்ததும் தண்ணீரில் நனைத்த துணி இரண்டு, உலர் துணி மூன்று, ஆல்கஹால் துணி ஒன்று, கடைசியில் எண்ணெய். அம்மோனியாவின் மேல் நேரே எண்ணெயைப் பூசி முடித்துக்கொள்வதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

எத்தனை தடவை செய்தாலும் நீலம் நிற்கவே மாட்டேன் என்கிறதா? குழலைச் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் கம்பியின் நுனியைப் பாருங்கள். துணியைப் பிடிக்கும் நுனியான ஜேக் பித்தளை, பிரஷ் வெண்கலம் என்றால் அவையும் கரைந்து நீலம் கொடுக்கும். சோதிப்பது எளிது: அம்மோனியாவில் நனைத்த துணியை ஜேக்கில் சுற்றி, குழலுக்குள் விடாமல் மேசையிலேயே ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் பிரியுங்கள். ஜேக்கின் வரிகள் நீலக் கோடுகளாகத் துணியில் பதிந்திருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். நிக்கல் பூசிய ஜேக்கும் நைலான் பிரஷும் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: செம்பு விஷயத்தில் மட்டும் தனியாக விற்கும் சால்வென்டை வாங்கிவிடுவது மேல். வீட்டு அம்மோனியா துணியிலிருந்தே நிமிடங்களில் பறந்துவிடுகிறது, சால்வென்ட் அதைப் பிடித்துவைத்து ஈரமாகவே நிறுத்துகிறது. மூக்கும் கண்ணும் பிழைக்கும். வினிகர், எலுமிச்சை உப்பு போன்ற அமிலங்கள் செம்பைப் பளபளக்க வைப்பதைப் பார்த்து அவற்றைக் குழலில் ஊற்றுவோர் உண்டு. அந்த அமிலம் எடுப்பது செம்பின் மேலுள்ள களிம்பை. செம்பு அப்படியே இருக்கும், முன்னைவிட அழகாக. பக்கத்திலுள்ள இரும்பைத்தான் அது தின்னும்.

கரிக்கு வருவோம். புதுக் கரி சாதாரணமானது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் வெண்கல பிரஷும் எடுத்துவிடும். வீட்டிலேயே கலப்பதில் பெயர் பெற்றது அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எட் ஹாரிஸ் வெளியிட்ட 'எட்ஸ் ரெட்': வாகன ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய், மண்ணெண்ணெய், பெயின்ட் தின்னராகப் பயன்படும் மினரல் ஸ்பிரிட், அசிட்டோன், நான்கும் சம அளவு. சிவப்பு நிறம் கியர் எண்ணெயிலிருந்து வருவது. திமிங்கில எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த பழைய அமெரிக்க ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலைச் செய்முறையின் இன்றைய வடிவம் இது. கரிக்கும் மெழுகுக்கும் நன்று, அன்றாட எண்ணெயாகவும் ஓரளவு தாங்கும். செம்பை எடுக்காது, உப்பையும் எடுக்காது. அசிட்டோனின் தீப்பற்று நிலை −20 டிகிரி; அதன் ஆவி காற்றைவிடக் கனமாகத் தரையோடு ஊர்ந்து தொலைவிலுள்ள அடுப்பை எட்டும். வெளியில் வைத்துக் கலந்து, உலோகக் கேனிலோ கெட்டியான எச்.டி.பி.இ. டப்பாவிலோ இறுக்கி மூடுங்கள். வார்னிஷ் பூசிய கட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் சொட்டவே கூடாது.

பழுத்த கரி வேறு ரகம். ரைஃப்ளிங் தொடங்கும் இடத்தில் அடுத்தடுத்த சூட்டின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுட்ட மண் மாதிரி இறுகியிருக்கும். .22 ரிம்ஃபயர் (விளிம்பில் பிரைமர் உள்ள சிறு தோட்டா) குழலில் இது வளையமாகவே கட்டிவிடும். எண்ணெய்ச் சால்வென்ட் எத்தனை நாள் ஊறினாலும் அசையாது. உப்புக்கறை, துரு நீக்கும் சி.எல்.ஆர். என்ற வீட்டுத் திரவத்தை இதற்குப் பயன்படுத்துவது துல்லியக் குறிபார்ப்போரிடம் பரவிய வழக்கம். அதில் லாக்டிக், குளுக்கோனிக் அமிலங்கள் உள்ளன. கரி வளையத்தை இளக்குவதில் வேலை செய்கிறது. ஆனால் அமிலம் அமிலம்தான். நனைத்த பிரஷால் சேம்பர் முனையிலிருந்து ஒரு சாண் தூரம் மட்டும், ஐந்து நிமிடம், உடனே ஈரத் துணி இரண்டு மூன்று, உலர் துணி, எண்ணெய். இரவு முழுக்க ஊற விட்டால் குழலின் உட்பரப்பு மங்கிச் சாம்பல் பூத்துப்போகும், அதைத் திருப்பவே முடியாது. குழல் வாயிலிருந்து ஒரு சொட்டு வெளிப்புற நீலப்பூச்சில் வழிந்தாலும் கறை நிற்கும்.

இந்த நீலப்பூச்சு என்பது பெயின்ட் அல்ல. எஃகின் மேற்பரப்பையே கட்டுப்பாடாக மாக்னடைட்டாக மாற்றியது. தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டித்தான். 5 விழுக்காடு வினிகரில் நனைந்த பஞ்சு ஒன்றை நீலப்பூச்சுள்ள திருகின் தலையில் வைத்துவிட்டு அரை மணி கழித்து எடுத்துப் பாருங்கள். பஞ்சு இருந்த இடம் வெளிறிய எஃகாக, வட்டமாக நிற்கும். துரு நீக்கி எதுவானாலும் இதே கதைதான், ஏனெனில் பூச்சும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். துருவுக்கும் பூச்சுக்கும் அமிலம் வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஓவன் கிளீனரில் காஸ்டிக் சோடா. அது எஃகை ஒன்றும் செய்யாது, கரியையும் கொழுப்பையும் நன்றாகவே எடுக்கும். ஆனால் அலுமினிய ரிசீவரையும் (போல்ட் இயங்கும் உடற்பகுதி) அதன் அனோடைஸ் பூச்சையும் கரைத்துவிடும், கட்டையின் வார்னிஷை உரித்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தனியாகக் கழற்றிய எஃகுப் பாகத்துக்கு மட்டும் யோசிக்கலாம். துப்பாக்கியோடு சேர்ந்திருக்கும் குழலுக்கு வேண்டவே வேண்டாம். பிரேக் கிளீனர் கொழுப்பெடுக்கும், கரியின் இறுக்கத்தை எடுக்காது. குளோரின் சேர்ந்த வகையின் ஆவி சூடான உலோகத்திலோ தீயிலோ பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அதைத் தொடாதீர்கள்.

ஈயத்துக்குத் திரவம் தேட வேண்டாம், சமையலறையில் கம்பி நார் இருக்கிறது. தூய செம்பால் ஆன பாத்திரம் தேய்க்கும் நாரிலிருந்து சில இழைகளை வெட்டி, தேய்ந்துபோன பழைய பிரஷில் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு இறுக்கமாகப் பத்துப் பதினைந்து தடவை தள்ளினால் ஈயம் செதில் செதிலாக வரும். செம்பு எஃகைவிட மென்மையானது, குழலைக் கீறாது. ஆனால் வாங்கிய நாரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, பாத்திரத்துக்கே போகட்டும். வினிகரும் பெராக்சைடும் கலந்த கரைசலில் ஈயம் கரையும் என்பது உண்மை. கரைந்து உண்டாவது லெட் அசிடேட். நீரில் கரைந்து உடலில் எளிதில் ஏறும் நச்சு. திட ஈயமாகத் துணியில் வருவதை யாராவது வேண்டுமென்றே குடிக்கும் பதத்துக்கு மாற்றுவார்களா?

எந்த நிலையிலும் குழலுக்குள் போகக் கூடாதவை: பிளீச், கழிப்பறை ஆசிட், கரகரப்பான பாத்திரப் பவுடர். பிளீச்சின் குளோரைடு ஸ்டெயின்லெஸ் குழலையும் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். 'ஸ்டெயின்லெஸ்தானே' என்று இருந்துவிடாதீர்கள். பாத்திரங்களுக்கு வரும் 304 எஃகில் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு. குழலுக்கு வரும் 416 வகையில் குரோமியம் 13 அளவில், நிக்கல் அநேகமாக இல்லை, கடைசல் எளிதாக இருக்கக் கந்தகம் வேறு சேர்த்திருப்பார்கள். பெயர் ஒன்று, தாங்கும் சக்தி வேறு. பிளீச் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு, அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு; இரண்டும் நுரையீரலைப் பொசுக்கும். ஒரு திரவத்தைத் தண்ணீரால் அலசி வெளியேற்றாமல் அடுத்ததை ஊற்றாதீர்கள். டூத்பேஸ்டும் பித்தளை பாலிஷும் மெருகுப் பொருள்கள். எங்கே தேய்க்கிறோம் என்று போர்ஸ்கோப்பில் (குழலின் உட்புறத்தைப் பார்க்கும் கருவி) பார்க்கத் தெரிந்தவருக்குப் பயன்படலாம். மற்றவர்கள் தேய்த்துத் தேய்த்து ரைஃப்ளிங்கின் விளிம்பையும் குழல் வாயின் விளிம்பையும் மழுக்குவதில் போய் முடியும்.

திரவத்தைவிட அதிகக் குழல்களைக் கெடுத்தது கம்பி. துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கும் கம்பியின் மூட்டு வரிகளில் உரசும். வாய் முனையிலிருந்து விட்டால் கடைசியில் குண்டு பிரியும் அந்த விளிம்பு ஒரு பக்கம் தேயும், குறி கெடும். ஒரே கம்பியாக, சேம்பர் பக்கமிருந்து, போர் கைடு (கம்பியைக் குழலின் நடுவில் நிறுத்தும் குழாய்) வைத்து விடுங்கள். சேம்பர் பக்கம் திறக்க வழியில்லாத துப்பாக்கிக்குப் புல்த்ரூ கயிறு. குழல் வாய் சற்றே தாழ்ந்திருந்தால் திரவம் டிரிகருக்குள் வழியாது. .22 ரிம்ஃபயர் என்றால் இவ்வளவும் தேவையே இல்லை. மெழுகு பூசிய ஈயக் குண்டு குழலைப் பெரிதாக அழுக்காக்காது, சில நூறு சூட்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று துணி, எப்போதாவது கரி வளையத்துக்கு மட்டும் கவனிப்பு.

கடைசிப் பூச்சுக்குச் சமையல் எண்ணெய் ஆகாது. காற்றோடு சேர்ந்து பிசினாக இறுகும், தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையவே செய்யும். WD-40 ஈரத்தை விரட்டுவதற்காக 1953-இல் உருவானது; நீரில் அலசிய பிறகு ஈரமெடுக்க நல்லது, மாதக்கணக்கில் துருவைத் தடுக்கும் அளவுக்குக் கனம் போதாது. அதற்கு மேல் துப்பாக்கி எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ மெல்லிய படலமாக வேண்டும்.

அழுக்குத் துணிகளில் ஈயம் இருக்கும். சாப்பாட்டு மேசையில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள், வீட்டுத் துணிகளோடு துவைக்காதீர்கள், தனிப் பையில் கட்டி அபாயக் கழிவாகக் கொடுங்கள். கட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய்த் துணி இருந்தால் கசக்கிக் குவிக்காமல் விரித்து உலர்த்துங்கள், குவிந்தால் தானே தீப்பிடிக்கும்.

அடுத்த முறை சுடுவதற்கு முன் குழலிலும் சேம்பரிலும் உலர் துணி விட்டு எண்ணெயை எடுத்துவிடுங்கள். குழலில் தேங்கிய எண்ணெய் அழுத்தத்தை ஏற்றும். எண்ணெய்ப் பட்ட சேம்பரில் தோட்டா சுவரைப் பிடிக்காமல் வழுக்கி முழு உதையையும் போல்ட் மேல் போடும். துடைத்த பிறகும் முதல் குண்டு வழக்கமான இடத்தைவிடச் சற்று விலகி விழலாம். இரண்டு மூன்று சூடுகளில் குழல் பழைய நிலைக்கு வந்துவிடும். அதுவரை சைட்டைத் திருப்பாதீர்கள்.